சாம்பல் மேட்டில் நின்ற உன் மரங்கள்

அன்பு மகன் எல்தியாருக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், பசுவும் கன்றும் சௌக்கியம், கொரியாவில் அந்த இரும்புச் சத்தத்துக்கு நடுவில் நீயும் கை கால் பத்திரமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று தினமும் ரொட்டியைப் பிய்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபோன் உன் அப்பாவின் சட்டைப் பையில்தான் குடியிருக்கிறது என்பது உனக்கே தெரியும். நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுவார், பக்கத்து வீட்டு ஒமோர் மாமாவும் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் நாம் என்ன பேச முடியும், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அங்க மழையா, இங்க வெயில், அவ்வளவுதான். ஒமோர் மாமாவின் கடைசி மகள் நீ இருக்கும் ஊருக்கே படிக்க வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே உலர்த்திய ஆப்ரிகாட்டும் நீ கேட்ட தயிர் உருண்டையும் இருக்கும். இந்தக் கடிதத்தில் ஒரு பாதி ஊருக்கே தெரிந்த விஷயம், யாராவது படமெடுத்து உனக்கு அனுப்புவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். மறு பாதி உனக்கும் எனக்கும் உன் அக்காவுக்கும் மட்டும் தெரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவின் இருமல் போன குளிர்காலத்தை விட இப்போது பரவாயில்லை, ஆலையில் கல் அரைக்கும் பகுதியில் வேலை பார்த்தவர்களில் அவரும் ஒமோர் மாமாவும்தான் இன்னும் மேட்டுத் தெருவில் மூச்சு வாங்காமல் ஏறுகிறார்கள், அதை இரண்டு பேரும் மெடல் வாங்கியதுபோலச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வடக்குப் பக்க ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுவிட்டோம், நீ அனுப்பியதில்தான். பள்ளிக்கூடத்தில் இப்போது நிலக்கரி கிடையாது, கூரை முழுக்க வெயில் தகடு பரப்பித் தண்ணீரைச் சுடவைத்துக் குழாயில் விடுகிறார்கள், பிள்ளைகள் மூக்கில் கரி இல்லாமல் வீட்டுக்கு வருகிறார்கள். இடித்துப்போட்ட ஆலையின் செங்கல்லைப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தோம், மீர்கூல் ஒவ்வொரு அடுக்காக விஷம் ஏறியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்து இது ஆகும் இது ஆகாது என்று பிரித்துக் கொடுத்தாள், ஆகுமென்று சொன்னதை வைத்து வாய்க்காலுக்குக் கரை கட்டியிருக்கிறோம். மீர்கூலை உனக்கு நினைவிருக்கும், ஆலை மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இருந்தாளே, அவள் மகள், உன்னைவிடச் சின்னவள், ஓஷ் நகரத்தில் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வந்து தண்ணீரும் மண்ணும் சோதிக்கிறாள். திரும்பி வந்தவள் என்று எழுதியதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதே, அப்படி நினைத்து எழுதவில்லை.

எனக்கும் இப்போது ஒரு உத்தியோகம் இருக்கிறது, சம்பளம் கிடையாது. சாம்பல் மேட்டுக்குக் காவல். ஆலை கல்லை அரைத்துக் கொட்டிய அந்த விஷ மண்மேட்டின் மேல் களிமண்ணும் கல்லும் நல்ல மண்ணுமாக மூடி போட்டுப் புல் விதைத்துவிட்டு வெளிநாட்டுக்காரர்கள் போனார்களே, அந்த மூடியைக் காப்பாற்றுகிற வேலை பெண்கள் தலையில் விழுந்தது. முறை போட்டுக்கொண்டு போகிறோம், ஆடு ஏறாமல் பார்ப்பது, சுற்றியிருக்கிற மழைக் கால்வாயில் அடைத்துக்கொண்ட கல்லை அள்ளுவது, எலிப் பொந்து தெரிந்தால் மண்போட்டு மிதிப்பது. உன் அப்பா என்னை ஆட்டுப் போலீஸ் என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். காற்று அடித்தால் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பலாகி, நீ குழந்தையாக இருந்தபோது தொட்டில் துணியைத் திரும்பத் திரும்பத் துவைத்தவள் நான், அந்த மேடு பச்சையாக இருக்கிறதைப் பார்க்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்று ஆண்களுக்குத் தெரியாது.

இனி மரத்துக்கு வருகிறேன். மகன் பிறந்தால் அவன் கட்டப்போகும் வீட்டு உத்தரத்துக்கென்று மரம் நடுகிற நம் வழக்கப்படி, நீ பிறந்த வசந்தத்தில் அப்பா வாய்க்கால் ஓரத்தில் உனக்காக நட்ட பாப்லர் மரங்களை நீ பார்த்தது உனக்கு நினைவில் இருக்காது. ஆலையை மூடியதோடு வீடுகளுக்குச் சூடு கொடுத்த ஊர்க் கொதிகலனும் நின்றுபோன அந்தக் குளிர்காலத்தில் ஊரிலிருந்த பாப்லர் அத்தனையும் அடுப்புக்குள் போயிற்று, உன் மரங்களும் போயின. நீ மார்ச்சளியோடு கிடந்தாய், அப்பா போய் வெட்டிக்கொண்டு வந்தார், ஒவ்வொரு துண்டாக அடுப்பில் போட்டுக்கொண்டு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மகன் வீட்டுக்கு உத்தரமாக வேண்டியதை எரித்துவிட்டோமே என்று அதற்குப் பிறகு அவர் ஒரு தடவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. அதனால்தான் மேட்டை மூடி முடித்த மறு வசந்தத்தில், வெளியூரில் இருக்கிற ஒவ்வொரு மகன் பேருக்கும் ஒரு வரிசை மரம் நடலாம் என்று யாரோ சொன்னதும் ஊரே கிளம்பிற்று. இந்தப் பள்ளத்தாக்கில் வெயில் படுகிற சமமான இடம் அந்த மேட்டை விட்டால் வேறு எங்கே இருக்கிறது, எல்லாம் செங்குத்து. கூட்டு வேலை என்றால் நம் ஊரைக் கேட்க வேண்டுமா, ஆட்டை அறுத்து, அண்டாவில் புலாவ் வைத்து, அக்கார்டியன் வாசித்துக்கொண்டு நட்டோம். நானும்தான் கடப்பாரை பிடித்தேன். நீ போய் அப்போது ஒரு வருடம் கூட ஆகவில்லை. முதல் குச்சியை ஊன்றியவர் உன் அப்பா. முதல் இரண்டு கோடையும் தோளில் காவடித் தடியும் இரண்டு வாளியுமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார், ஊர் மரங்களில் நம்முடையதுதான் மற்றவற்றைத் தாண்டி வளர்ந்தது. நீயும் ஒரு நாள் ஃபோனில் சிரித்துக்கொண்டே, "உத்தரத்துக்கு ஆகுற கனம் வந்ததும் சொல்லுப்பா, அன்னைக்கே டிக்கெட் போட்டுடறேன்" என்றாய். நீ சிரித்தாய், அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வசந்தம் வந்தால் மேட்டுக்குப் போய் முதல் மரத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார். நடுவிரல்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகினால் உத்தரத்துக்கு ஆகும் என்று கணக்கு. வீட்டுக்கு வந்து, "இன்னும் தொடுது, ஆனா நுனியிலதான்" என்பார்.

இந்த வசந்தத்தில் பனி உருகின பிறகு மேட்டுக்கு அடியில் இருக்கிற குழாயில் தண்ணீர் வந்தது. அந்தக் குழாய் காய்ந்து கிடக்க வேண்டிய குழாய், மூடி போட்ட பிறகு அதில் சொட்டு விழுந்தால்கூட மீர்கூல் ஓடிப்போய்ப் பார்ப்பாள். இந்தத் தடவை சொட்டு இல்லை, சுண்டுவிரல் கனத்துக்கு ஓடியது, மஞ்சளாக. அவள் போத்தலில் பிடித்து ஓஷுக்குக் கொண்டுபோனாள், திரும்பி வந்து மேட்டு விளிம்பில் ஒரு இடத்தில் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள், களிமண்ணுக்குள் வேர் போயிருந்தது, சேமியா மாதிரி வெள்ளையாக, அந்தப் பக்கம் வரைக்கும். வேர் போன வழியில் பனித்தண்ணீர் போகிறது, உள்ளே இருக்கிற விஷத்தைக் கழுவிக்கொண்டு கீழே வருகிறது. இதைச் சொல்ல அவள் முதலில் நம் வீட்டுக்குத்தான் வந்தாள், மரத்தில் உயரமானது நம்முடையது என்பதால். பாவம், தேநீர் குடித்தாள், இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள், ஜாமைத் தொட்டுத் தொட்டு நக்கினாள். நான்தான், "என்னடி, பொண்ணு கேட்டு வந்தவ மாதிரி உக்காந்திருக்க, சொல்லு" என்றேன். அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பெரியப்பா, மரத்தையெல்லாம் எடுத்துடணும்" என்றாள். அப்பா அவளைப் பார்க்கவே இல்லை, ரொட்டித் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார், "அது எம் மவனோட மரம், நீ அளவு பாக்கறவ, அளவு பாத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். அவர் ஒரு பெண்பிள்ளையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மீர்கூல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளுக்கு அண்ணன் ஒருவன் ரஷ்யாவில் இருக்கிறான், அவன் பேருக்கும் மேட்டில் மரம் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய், அப்புறம் அழுதிருப்பாய். ஒமோர் மாமா எழுந்து, "தோண்டாதேன்னுதான மேட்டுப் பலகையில எழுதியிருக்கு, நாங்க எங்க தோண்டினோம், ஒருத்தன் மண்வெட்டி எடுத்தானா, கடப்பாரையால ஒரு குத்து, குச்சிய ஒரு சொருகு, இது எப்படித் தோண்டறதாகும்" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாப்லர் நடுகிற நம் ஆட்கள் எவனும் குழி வெட்டினதில்லை, அந்தப் பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டு, அதன் மேலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நட்டோம், மீறுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மீர்கூல் மெதுவாக, "மாமா, நீங்க தோண்டல, குச்சி தோண்டிடுச்சு" என்றாள், அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. வெட்டத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் யார் வெட்டுவது. இன்னொருவன் பிள்ளை பேருக்கு நட்ட மரத்தில் கோடாலி வைக்கிற மனுஷன் நம் ஊரில் உண்டா, அது அந்தப் பிள்ளையின் தலையில் வைத்ததுபோல. அவரவர் மரத்தை அவரவர் வெட்ட வேண்டும் என்றார்கள், முதலில் நட்டவர் முதலில் வெட்டட்டும் என்று எல்லோரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவ்வளவுதான், அதோடு ஊரே நின்றுவிட்டது. ஒருவர்கூட வந்து வற்புறுத்தவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். தேநீர்க் கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும். மேட்டுக் காவலுக்கு என்னோடு வருகிற பெண்கள் மரத்துப் பக்கம் வந்ததும் குனிந்துகொண்டு நடந்தார்கள். நான் வீட்டில் சண்டை போட்டேன், கெஞ்சினேன், சமைக்காமல்கூட ஒரு நாள் படுத்துக்கொண்டேன், அவரே முட்டையைப் பொரித்து எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கோடை பாதி ஓடிவிட்டது, வேர் சும்மா இருக்குமா.

அப்போதுதான் உன் அக்கா ஷிரின் பிள்ளைகளோடு வந்தாள். ஆறு நம் ஊரைத் தாண்டி அவள் ஊருக்குத்தான் போகிறது, அவர்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதும் அதுதான். மரத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கோபமாகவும் இல்லை, எப்போதும்போல வந்தாள், எனக்குத் தலை வாரிவிட்டாள், பிள்ளைகள் தாத்தாவின் முதுகில் ஏறின. கிளம்புகிற அன்று காலையில் பால் கேன்களைக் கழுவி நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வரிசையாக வைத்தாள். நம் குழாய்த் தண்ணீர் மேட்டுக்கு மேலே இருக்கிற ஊற்றிலிருந்து வருவது, உனக்குத் தெரியும். அப்பா பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல தண்ணி இல்லையா" என்று கேட்டார். அவள், "இருக்குப்பா, நாங்க அதைத்தான் குடிக்கறோம், பிள்ளைங்களுக்கு மட்டும் இதைக் கொண்டுபோறேன்" என்றாள். பெண்ணுக்கு மரம் நடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அவளுக்கென்று இந்த ஊரில் எதுவும் நட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. அப்பா அந்தக் கேன்களை அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார், மூடியைச் சுற்றித் தன் தொப்பியால் துடைத்தார். சின்னவன் வண்டி ஜன்னல் வழியாகக் கை ஆட்டினான், இவர் கை ஆட்டக்கூட இல்லை. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை, வெட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் கறவையை முடித்துவிட்டு நான் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்தேன். இரண்டு பக்கமும் பிடி வைத்த அந்தப் பழைய நீள ரம்பம்தான், நம் வீட்டில் வேறு ரம்பம் கிடையாது. பெண்பிள்ளை உத்தர மரத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள், சரி, பெற்றவள் நான்தானே என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஒமோர் மாமா, "அண்ணி, இந்நேரத்துல ரம்பத்தத் தூக்கிக்கிட்டு எங்க" என்று கேட்டார். நான், "உங்க தோழருக்கு முடி வெட்ட" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன். மேட்டில் ஏறி முதல் மரத்தின் அடியில் மண்டியிட்டு ரம்பத்தை வைத்து இழுத்தேன். ஒற்றை ஆள் இழுத்தால் அது கேட்குமா, தகடு வளைந்துகொண்டு துள்ளியது, பட்டை சீவியதே தவிர உள்ளே இறங்கவில்லை. இலையெல்லாம் மேலே சலசலவென்று, நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தன. எல்தியார், அங்கே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டேன், உன்னைப் பேர் சொல்லித் திட்டவும் செய்தேன். இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினால் அப்பா நிற்கிறார். மரத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தார், "இன்னும் தொடுது" என்றார், பிறகு எனக்கு எதிரே மண்டியிட்டு ரம்பத்தின் அந்தப் பக்கப் பிடியைப் பிடித்தார். "நீ தள்ளாத, இழு மட்டும், என் பக்கம் வரும்போது கைய லேசா விடு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலைகளில் ஒன்றுகூட எனக்குப் பிடித்ததில்லை, இதுவும் பிடிக்கவில்லை, ஆனால் அவர் சொன்னபடியே செய்தேன். ரம்பம் இறங்கிற்று.

எங்கள் வரிசை பாதி முடிவதற்குள் ஒமோர் மாமா வந்தார், அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்தார்கள், மீர்கூலும் அவள் அம்மாவும் வந்தார்கள். யாரும் அக்கார்டியன் கொண்டுவரவில்லை. மேடு முழுக்க ரம்பச் சத்தமும் இருமலும்தான். உன் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார், மீர்கூலிடம், முன்பு பேசிய குரலில் இல்லை, "அடிமரமாவது கூரைக்கு ஆகுமாம்மா" என்று. அவள், "வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது பெரியப்பா, எரிக்கவும் கூடாது" என்றாள். எரிக்கவும் கூடாது என்றதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார், அவருக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மேட்டை விட்டுத் தள்ளி, வேலிக்குள் வெட்டிவைத்திருந்த பள்ளத்தில் எல்லாவற்றையும் போட்டு மூடினோம். மூடி முடித்ததும் ஒமோர் மாமா கையை ஏந்திவிட்டார், மரத்துக்குப் பிரார்த்தனையா என்று ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள், ஆனாலும் எல்லோரும் கை ஏந்தினோம், ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டு அவரவர் கால் மண்ணைத் தட்டிவிட்டு இறங்கினோம். இதோடு சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரும் பனி உருகின பிறகுதான் குழாயைப் பார்த்துச் சொல்ல முடியும், களிமண்ணைத் திறந்து அடைக்க வேண்டிவரலாம், தலைநகரிலிருந்து ஆள் வர வேண்டும் என்கிறாள் மீர்கூல். அவர்கள் வருகிறபோது வரட்டும், அதுவரை ஷிரினுக்கு வாரம் ஒருமுறை இங்கிருந்து தண்ணீர் போகிறது, அப்பாதான் பால் வண்டிக்காரனோடு உட்கார்ந்து கொண்டுபோகிறார். இன்னொன்று, பாப்லர் வெட்டினால் சாகாது, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துக்கொண்டே இருக்கும், விட்டால் வேர் மறுபடி உயிர் பிடிக்கும். பார்க்கப் பார்க்க ஒடித்துப்போட வேண்டும். இந்த வேலையை என் காவல் பெண்களிடம் கொடுக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். காலையில் தேநீர் குடித்ததும் போகிறார், ஒடித்துவிட்டு வருகிறார். "இன்னைக்கும் வந்திருக்கு, கொழுந்து நல்லா பளபளன்னு வருது" என்று சொல்லிக் கையைக் கழுவுகிறார்.

இனி நமக்குள் இருக்கிற விஷயம். ஷிரின் அந்தக் கேன் நாளுக்கு முந்தின தடவை வந்தபோதே என்னிடம் சொல்லிவிட்டாள், அவள்மேல் கோபப்படாதே, நான் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். நீ அங்கேயே நிரந்தரமாக இருக்க எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று, கூட வேலை செய்கிற ஒரு பெண் இருக்கிறாள், அவளோடு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று, அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றாய் என்று. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். மூன்று நாள் உன் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அப்புறம் தூசி தட்டும்போது நேராக வைத்துவிட்டேன். நீ வந்து என்ன செய்வாய் இங்கே, ஆலை இல்லை, வேலை இல்லை, மேட்டுக் காவல் பார்க்கிற கிழவிகள்தான் இருக்கிறோம், அந்த நியாயமெல்லாம் எனக்குப் புரிகிறது. அந்தப் பெண் நல்லவளாக இருக்கட்டும், உன்னைப் பட்டினி போடாமல் இருக்கட்டும், அவள் பேரைக்கூட ஷிரின் சரியாகச் சொல்லத் தெரியாமல் திணறினாள், நீயே எழுது. ஆனால் அப்பாவுக்கு இது தெரியாது. அவர் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவரை எனக்கும் வாய் வரவில்லை, விரல் தொடுகிற வரைக்கும் இருக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அது என் கோழைத்தனமா, உன் கோழைத்தனமா என்று இப்போது பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது. மரம் போய்விட்டது. இனி நீ அவரிடம் வேறு எதையாவது காட்டி, அந்த விசா முடியட்டும் இந்த வேலை முடியட்டும் என்று புதிதாக ஒரு கணக்குச் சொல்லாதே, அவர் அதையும் போய்ப் போய் அளந்துகொண்டிருப்பார். வருகிறாய் என்றால் வருகிறேன் என்று சொல், கூரையுள்ள வீடு இங்கே இருக்கிறது. வரவில்லை என்றால் வரவில்லை என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார், ஷிரின் சொன்னால் பொறாமை என்று நினைப்பார். தன் கையால் உன் மரத்தை அறுத்தவர் அவர், இதையும் தாங்குவார், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, காலுறையை ஈரத்தோடு போடாதே, சின்ன வயதில் வந்த மார்ச்சளி குளிரில் மறுபடி தலைகாட்டும். ஒமோர் மாமாவின் மகள் சின்னப் பெண், வழி தெரியாமல் நிற்பாள், நிலையத்துக்கே போய்க் கூட்டிக்கொண்டு வா, ஊர் ரொட்டி வைத்திருக்கிறாள், அவளுக்கும் கொடுத்துச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் தண்ணீர் தெளிவாக இருக்கட்டும், உன் வாசலில் நல்லவர்கள் கால் படட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரத்துக்கு ஒமோர் மாமாவை ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன், நானும் கன்றுக்குட்டியைப் பார்க்க வெளியே போய்விடுகிறேன், அப்பா மட்டும் இருப்பார்.

எழுதி முடித்து மடிக்கப் போனபோது அப்பா உள்ளே வந்தார், மகனுக்குத்தானே எழுதுகிறாய், நான் சொன்னதாக ஒரு வரி சேர் என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கூரைக்கு மரம் ஓஷ் சந்தையில நல்லதாவே கிடைக்குதாம், விசாரிச்சு வச்சிருக்கேன், அதப் பத்திக் கவலைப்படாம வரச் சொல்லு."

உன் அம்மா,
சல்கீனாய்